எங்கள் வீட்டுக்கு வந்த வெறும் மரம்

எங்கள் ஊர் அம்மனுக்கு இடக்கை உளுத்துப்போனது. காவேரிப்பட்டினம் பக்கம் எல்லா ஊரிலும் கரையான் உண்டு. ஆனால் எங்கள் ஊர்ப் பெரியவர்களைப் போல அதற்கு விருந்து வைத்தவர்கள் கிடையாது. அத்தி மரத்தில் செய்த ஊர்வலச் சிலையை, தங்கள் படங்கள் அச்சடித்த திருவிழா ஃப்ளெக்ஸில் இறுகச் சுற்றி, ஒழுகுகிற அறையில் வருடம் பூராவும் போட்டு வைத்தார்கள். பிரித்தபோது அவர்கள் முகங்களில் ஒரு கீறல் இல்லை.

நான் ஓசூரில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் பேட்டர்ன் செய்கிறவன். இரும்பில் வார்க்கப்போகும் பாகத்தை முதலில் மரத்தில் செதுக்கிக் கொடுப்பது என் வேலை. அந்த மரியாதையில் பூசாரியும் இரண்டு பெரியவர்களும் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார்கள். அம்மா டீ போட்டார். ஒருவருக்குச் சுகர், ஒருவருக்கு விரதம், இன்னொருவர் இப்போதுதான் குடித்தாராம்.

எங்கள் தெருக்காரன் அம்மனைத் தொடலாமா? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். பழுது பார்க்கும் முன் சாமியைக் கலசத் தண்ணீரில் இறக்கிக் கோயிலிலேயே வைத்துவிடுவது வழக்கம்.

"சாமி சொம்புல இருக்குதுப்பா. இது வெறும் மரந்தான். தாராளமா தொடு" என்றார் பூசாரி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்கள் பூசாரி தாராளம்.

இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்ட நாளாக அம்மா அம்மனின் முகத்தைத் தெருமுனையில் நின்றுதான் பார்த்திருக்கிறார். ஊர்வலம் அங்கேயே திரும்பிவிடும். ஒரு தடவையாவது கிட்டத்தில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. இப்போது அம்மனே எங்கள் வீட்டுக் கட்டிலில் படுத்திருந்தாள்.

உளுத்ததைச் சுரண்டி, புது அத்திக் கட்டையை மர ஆணி வைத்து ஒட்டி, வலக்கையைப் பார்த்து விரல் விரலாகச் செதுக்கினேன். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, "மெதுவாடா, வலிக்கப்போவுது" என்பார். களி கிண்டினால் முதல் உருண்டை அவளுக்குத்தான்.

"சாமி அங்க சொம்புல இருக்குதும்மா. இது வெறும் மரம்."

"அவங்க சொல்லிட்டா ஆச்சா? அவ எங்கிட்டச் சொல்லலியே."

அந்த நாட்களில் அம்மாவைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வேலை முடிந்ததும் எடுத்துப் போனார்கள். கோயில் வாசலில் இறக்கி, ஒட்டின கை நன்றாகக் காயட்டும் என்றுகூடப் பார்க்காமல், மஞ்சள் தண்ணீரும் கோமியமும் ஊற்றினார்கள். எங்கள் வீட்டுத் தீட்டைக் கழிக்கிறார்களாம். வெறும் மரத்துக்கும் தீட்டு ஒட்டும் என்று கம்பெனியில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ரோட்டோரம் நின்று பார்த்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திருவிழாவில் அம்மன் புதுக் கையோடு தெருமுனை வரை வந்தாள். கை பிரமாதம் என்று மைக்கில் சொன்னார்கள். செய்தவன் பெயர் மட்டும் எப்படியோ விட்டுப்போனது. அம்மா கையைப் பார்க்கவில்லை. எக்கி எக்கி முகத்தையே பார்த்தார். ஊர்வலம் திரும்பியதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"எளச்சுப் போயிட்டாடா. அங்க வேளைக்குச் சோறு போடறாங்களோ என்னமோ."