குழுவில் இல்லாத நிருபர்

போன சனிக்கிழமை திருப்பதியில் ஒரு கருத்தரங்கு. தலைப்பு, 'தேசிய ஊடகக் கொள்கையும் ஜனநாயகமும்'. பேச வேண்டியவர் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டதால் என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டைப் பற்றியும் எனக்கு அதிகம் தெரியாது என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் சால்வை வாங்கியாகிவிட்டதே!

டேனியலின் பைக்கில் போனேன். ஆந்திர எல்லைக்குள் பிச்சாட்டூரைத் தாண்டி ஒரு மண்டலத்திலிருந்து — தமிழ்நாட்டில் தாலுகா மாதிரி — தெலுங்கு தினசரிக்குச் செய்தி அனுப்புகிறவர். வீட்டில் தமிழ், செய்தியில் தெலுங்கு, கோபம் வந்தால் இரண்டும்.

ஹால் வாசலில் ஒருவர் டேனியலை மறித்தார். "பிரஸ்ஸா? கார்டு உந்தா சார்?"

டேனியல் எடுத்துக் காட்டினார். அரசு தரும் நிருபர் கார்டு; போன மாதமே காலாவதி.

"புதுசு இருந்தாதான் உள்ள விடுவோம் சார்."

என்னிடம் எந்தக் கார்டும் கிடையாது. என்னை உள்ளே விட்டார்கள்.

புதுக் கார்டு ஏன் வரவில்லை? அதைச் சொல்ல, எங்கள் பக்கம் செய்தி எப்படிப் பிறக்கிறது என்று சொல்ல வேண்டும். ஒரு வாட்ஸ்அப் குழு. அட்மின் — மண்டல அதிகாரி. ஆமாம், யாரைக் கேள்வி கேட்க வேண்டுமோ அவரேதான்! காலையில் அவர் ஒரு குறிப்பு போடுவார். நிருபர்கள் வரிசையாகக் கட்டைவிரல் போடுவார்கள். மறுநாள் அதே வரிகள், அதே எழுத்துப் பிழைகளோடு, எல்லாப் பேப்பரிலும். எழுத்தாளர் என்ற மரியாதைக்கு என்னையும் அதில் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

இரண்டு மாதம் முன்பு ஒரு குறிப்பு வந்தது. 'அனைத்துக் காலனிகளுக்கும் சுத்தமான குடிநீர்.' படிக்காமலே கட்டைவிரல் போட்டவர்களில் அடியேனும் ஒருவன். டேனியல் மட்டும் ஒரு காலனிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, உள்ளே மிதந்த பாசியைப் படமெடுத்துக் குழுவில் போட்டார். கூடவே ஒரு வரி: 'இது எந்தக் கணக்கு சார்?'

நாலாவது நிமிடம் டேனியல் நீக்கப்பட்டார்.

இரண்டு நாளில் தொட்டியைக் கழுவிவிட்டார்கள். கழுவிய தொட்டிமுன் அதிகாரி நிற்கும் படமும் குழுவுக்கு வந்தது. ஆனால் கார்டு புதுப்பிக்கும் பட்டியல் அதே அலுவலகம் வழியாகத்தானே போகிறது? அதில் டேனியல் பெயர் இல்லை. போய்க் கேட்டிருக்கிறார்.

"நீங்க குரூப்லயே இல்லியே... நிருபர்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

எப்படி இருக்கிறது நியாயம்? வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவார்களாம். பிறகு, உள்ளே ஏன் இல்லை என்று கேட்பார்களாம்!

கருத்தரங்கில் டில்லி விருந்தினர் உருகிக்கொண்டிருந்தார். "கிராமத்து நிருபர்தான் ஜனநாயகத்தின் வேர்."

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன். "அந்த வேர் வாசலில் நிற்கிறது. கொஞ்சம் உள்ளே விடச் சொல்லுங்கள்."

அமைப்பாளர் சிரித்தார். "எழுதிக் குடுங்க சார், கமிட்டிக்கு அனுப்பிடலாம்."

அந்தக் கொள்கையில் என்னவெல்லாமோ வரப் போகிறதாம் — பொய்ச் செய்தி, இணையம், செயற்கை நுண்ணறிவு, சுயகட்டுப்பாடு... எந்த அதிகாரியைப் பற்றி எழுத வேண்டுமோ, அவர் கையில் நிருபரின் கார்டு இருக்கக் கூடாது — இந்த ஒரு வரியை மட்டும் யாரும் பேசவில்லை. இது இல்லாமல் மற்றதெல்லாம் என்ன மண்ணாங்கட்டிக்கு?

மதியம் எதிர் டீக்கடையில் டேனியலைக் கண்டுபிடித்தேன்.

"விட்றலாம்னு கீறேன் சார். மச்சான் அவன் ஜெராக்ஸ் கடைல வந்து ஒக்காருன்றான். அங்க கார்டு கேக்க மாட்டாங்க, இல்ல?"

 அப்போது அவர் போன் அடித்தது. வேறொரு காலனியிலிருந்து செல்வி என்கிற பெண். ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது.

"அண்ணா, எங்க தண்ணியும் நாறுது. ரெண்டு புள்ளைங்க வாந்தி எடுத்துக்கினு கீதுங்க. வந்து போட்டோ புடி!"

"என்னாண்ட கார்டு இல்லம்மா."

"கார்ட வெச்சிக்கினு இன்னா பண்றது, கரைச்சிக் குடிக்கறதா? போன் கீதில்ல? வாண்ணா!"

டேனியல் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார்.

கொள்கை கமிட்டியில் இருக்கிறது. டேனியல் பைக்கில் கிளம்பிவிட்டார் — என்னை ஏற்றிக்கொள்ளக்கூட மறந்து!