தண்ணீரில் இறக்கிய கப்பல்

எங்கள் கடலோர ஊரான கட்டுமாவடியில் புதுப் படகின் வேலை முடிந்துவிட்டால் அதைக் கரையில் கிடக்க விடமாட்டோம். மஞ்சள், குங்குமம் வைத்துக் கடலில் இறக்கிவிடுவோம். படித்தவள்தான் நான், ஆனாலும் போன மாதம் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

விபத்தில் இறந்த என் மருமகன் ஒரு மாதிரிக் கப்பலைப் பாதியில் விட்டுப் போயிருந்தார். விக்டோரியா ராணி காலத்துப் போர்க்கப்பல். மரத்தின்மேல் இரும்புக் கவசம் போர்த்தியது. அட்டையில் உடலைச் செய்து, எண்ணெய் டின்னை வெட்டிய சிறு தகடுகளை ஒரு பக்கம் முழுக்க ஒட்டியிருந்தார். அவர் போனதிலிருந்து வாய் பேசாமல் கிடந்த என் மகள் மறுபக்கத்தை ஒட்டத் தொடங்கினாள். ஒட்ட ஒட்டப் பேச்சும் வந்தது.

"மூச்சு விடாதம்மா, தகடு பறக்குது" என்று என்னை அதட்டினாள். எனக்கு உயிரே திரும்பியது.

வேலை முடிந்த அன்று அவள் குளிக்கப் போயிருந்தாள். அவளைச் சந்தோஷப்படுத்த நினைத்து, கப்பலுக்குப் பொட்டு வைத்துக் கொல்லைத் தொட்டியில் இறக்கினேன். உடனே சாய்ந்தது. நான் தூக்குவதற்குள் அட்டை ஊறி, தகடுகள் உதிர்ந்து அடிக்குப் போய்விட்டன.

ஈரத்தலையோடு ஓடிவந்தவள், "மெதக்க விடவாம்மா இதச் செஞ்சேன்?" என்றாள். தொட்டிக்குள் கையை விட்டுத் தகடுகளை அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தாள்.

"எது அவரு ஒட்டுனது, எது நான் ஒட்டுனதுன்னு தெரியலயேம்மா."

அவள் தேறிவிட்டாள் என்று பார்க்க எனக்குத்தான் அத்தனை அவசரம். இப்போதும் என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறாள். அவரைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.