பல் முளைக்காத பேரன்

மூடி பிரிக்காத தயிர்க் கப்பை எடுத்து அப்படியே தலைகீழாகக் கவிழ்க்கிறார். கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிப் பார்க்கிறார். உள்ளே இருப்பது நகர்கிறதா, நகர்ந்தால் என்ன வேகத்தில் நகர்கிறது என்பதுதான் கேள்வி. சட்டென்று சரிந்துவிட்டால் முகத்தைச் சுளித்து அலமாரியிலேயே திருப்பி வைக்கிறார். யோசித்து யோசித்து இறங்கினால், "இவன் பரவாயில்ல, நிதானமானவன்" என்று சொல்லிக் கூடையில் போடுகிறார். பால் எடுக்க வந்த ஒரு பெண்மணி இவரைப் பார்த்துவிட்டுத் தானும் ஒரு கப்பைக் கவிழ்த்துப் பார்க்கிறாள். எதற்கு என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

கடையில் அவருக்கு 'கவுத்துப் பாக்குற சார்' என்று பெயர். எங்கள் குடியிருப்பில் 'குழாய்க்காரர்'. எங்கள் கட்டடத்துக்குள் தண்ணீர் வருவதும் போவதும் அவர் போட்ட வழியில்தான். இப்போது வேலைக்குப் போவதில்லை என்றாலும் சட்டைப்பையில் ஒரு அளவு டேப்பும் பழைய ரப்பர் வாஷர் ஒன்றும் இருக்கின்றன. நல்ல உயரம். முன்பு உடம்போடு ஒட்டியிருந்த சட்டைகளில் இப்போது காலர் ஒரு பக்கமும் கழுத்து ஒரு பக்கமுமாக நிற்கின்றன.

தொண்டையில் ஒரு கட்டி வந்தது. கதிர்வீச்சு கொடுத்தார்கள். கட்டி போய்விட்டது, போகும்போது விழுங்குகிற வித்தையையும் பாதி எடுத்துக்கொண்டு போய்விட்டது. இதை டாக்டர்கள் எனக்கு விளக்கியிருந்தால் புரிந்திருக்காது. அவர் சொல்லித்தான் புரிந்தது.

"ரெண்டு பைப்பும்மா. ஒண்ணு காத்துக்கு, ஒண்ணு சாப்பாட்டுக்கு. நடுவுல ஒரு வால்வு. சாப்பாடு வரும்போது காத்து பைப்ப டக்குனு மூடணும். என் வால்வு கொஞ்சம் சோம்பேறி. அது எழுந்து வர்றதுக்குள்ள தண்ணி உள்ள பாய்ஞ்சிடும். அதனால மெதுவா வர்ற சரக்கா பாத்து அனுப்பணும்."

விழுங்கப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா அவருக்கு வகுத்த சட்டம் சின்னதுதான். தண்ணீர் மாதிரி ஓடக்கூடாது. துண்டு என்று எதுவும் நாக்கில் தட்டுப்படக்கூடாது. கேட்கச் சுலபமாக இருக்கிறது. அந்தச் சட்டத்தோடு ஒரு பெரிய கடைக்குள் நுழைந்து பாருங்கள், பாதிக் கடை காணாமல் போய்விடும். பிஸ்கட் வரிசை கிடையாது. ரொட்டி கிடையாது, அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கடலை, சிப்ஸ் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது. அந்த வரிசைகளை அவர் பழைய சண்டைக்காரன் வீட்டு வாசலைத் தாண்டுவது போல நேரே பார்த்துக்கொண்டு விறுவிறுவென்று தாண்டுகிறார். பழக்கூழ், கஸ்டர்ட், புட்டிங் இருக்கும் மூலைக்கு வந்ததும்தான் நடை தளர்கிறது. சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடி வெளியே வருகிறது.

அவருக்கு உலகத்தில் ஒரே எதிரி 'துண்டுகள்' என்ற சொல். "பழத்துண்டுகள் நிறைந்ததுன்னு பெருமையா வேற போட்டிருக்கான் பாருங்க. துண்டில்லாததுன்னு எவனாவது போடறானா? அப்படி ஒருத்தன் போட்டா நான் அவனுக்கு ஆயுசு பூரா இலவசமா பைப்பு மாட்டித் தருவேன்." சூப் டின்களைக் காதருகே வைத்து ஆட்டுகிறார். லொட லொட என்றால் உள்ளே காய் இருக்கிறது, வேண்டாம். கொழகொழவென்று ஒரே குரலில் பேசினால் எடுத்துக்கொள்ளலாம். தண்ணீரில் கலந்து கெட்டியாக்கக் கடைசி அலமாரியில் ஒரு பொடி இருக்கிறது. காபி, பழச்சாறு, வெறும் தண்ணீர் எல்லாவற்றையும் அதைப் போட்டுத்தான் அவர் குடிக்க வேண்டும். "காலமெல்லாம் தண்ணி தடையில்லாம ஓடணும்னு பாடுபட்டேன். இப்ப ஓடாம இருக்கறதுக்குப் பொடி வாங்கறேன்" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். இரண்டு பேருக்கும் அது சிரிப்பில்லை என்று தெரியும்.

அவருடைய தொழில் புத்தி எப்போதும் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. ஒருமுறை ஜெல்லியைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறார். அசையவே இல்லை. இத்தனை உறுதியானவனை இதுவரை பார்த்ததில்லை என்று மகிழ்ந்துபோய் ஒரு பெட்டியே வாங்கிவிட்டார். வாய்க்குள் போனதும் சூட்டில் உருகித் தண்ணீராகிவிட்டது. அன்று அவர் இருமிய இருமலில் நான் மாடிக்கு ஓடினேன். கண்ணெல்லாம் சிவந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர், மூச்சு வந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "துரோகி."

அவர் இருமினால் எனக்குக் கேட்கும். என் சமையலறைக்கு நேர் மேலே அவர் சமையலறை. இரண்டுக்கும் பொதுவாக ஒரு குழாய்ச் சந்து போகிறது. அதன் வழியாக அவர் கரண்டி கலக்கும் சத்தம் கேட்கும், நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். ஒற்றை நாற்காலிதான். பிறர் வீட்டுச் சத்தத்தைக் கேட்பது தவறு என்பீர்கள். குழாயை இப்படிப் போட்டவர் அவர். நான் என்ன செய்ய?

நம் ஜனங்களுக்கு ஒருவரைப் பார்த்தால் வேறு எதுவும் கேட்கத் தெரியாது; "சாப்ட்டீங்களா?" என்றுதான் கேட்பார்கள். அவர் நன்றாக இருந்த காலத்தில் மாடிப்படியில் எதிர்ப்படுகிற எல்லோரையும் அதைக் கேட்டவர் அவர்தான். இப்போது யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று ஆள் இல்லாத நேரம் பார்த்துப் படியிறங்குகிறார். கல்யாணம், பிறந்தநாள் என்று யார் கூப்பிட்டாலும் வாழ்த்து சொல்லிவிட்டு, பந்தி தொடங்கும் முன் நழுவிவிடுகிறார். நானும் கூப்பிட்டேன். "உங்க வீட்டுக்கு இல்லாமயா, வரேம்மா" என்றார். வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. பிறகு ஒருநாள் அவர் சாப்பிடுவதைப் பார்த்தேன். மோவாயை நெஞ்சில் அழுத்தி, கண்ணை மூடி, ஒரு வாய்க்கு இரண்டு முறை விழுங்கி, தொண்டையைச் செருமிப் பார்த்து, அப்புறம்தான் அடுத்த கரண்டி. அதன் பிறகு நான் கூப்பிடவில்லை.

புரை ஏறினால் யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்போமே, அதை அவர் விடாமல் சொல்வார். ஆரம்ப நாட்களில் தினமும் புரை ஏறும். "பாருங்க, என்னை நினைக்கிறவங்க எத்தன பேரு! எனக்கே தெரியாம போச்சு." தலையில் தட்ட வீட்டில் வேறு ஆள் இல்லாததால் தானே வலது கையைத் தூக்கி உச்சந்தலையில் தட்டிக்கொள்வார். அது கைக்குப் பழகிப்போய்விட்டது. பார்த்துப் பார்த்து வாங்கக் கற்ற பிறகு புரை ஏறுவது குறைந்தது. நல்லதாயிற்று என்றேன். அவர் ஒரு கஸ்டர்ட் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, "ஆமாம்மா, இப்ப யாரும் நினைக்கறதில்ல" என்றார்.

அவருக்கு வழவழப்பாக, துண்டில்லாமல் கிடைப்பதில் மிக நல்லது குழந்தைகளுக்கான கூழ் பாட்டில்தான். ஆப்பிள், பேரிக்காய், கேரட், கோழி என்று வரிசையாக நிற்கும். முதல்முறை அதைக் கொண்டுபோய் வைத்தபோது, பில் போடும் பெண் சிரித்த முகமாக, "பேரனா சார், பேத்தியா?" என்று கேட்டிருக்கிறாள். மனிதருக்கு வேறு வழி தெரியவில்லை. "பேரன்" என்று சொல்லிவிட்டார்.

ஒரு பொய்யைப் பெற்றால் வளர்த்துத்தானே ஆக வேண்டும். பேரன் தவழ ஆரம்பித்தான். பேரனுக்குச் சளி பிடித்துக் குணமாயிற்று. பேரனுக்குக் கேரட் பிடிக்கவில்லை. ஆனால் பல் மட்டும் முளைக்கவில்லை. முளைத்தால் கூழ் எதற்கு? "இன்னுமா சார் முளைக்கல? டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று அந்தப் பெண் உண்மையாகவே கவலைப்பட்டாள். "எங்க வம்சத்துலயே லேட்டுதாம்மா" என்றார் இவர்.

அவருக்கு இருப்பது கல்யாணம் ஆகாத ஒரே மகள். வேறு ஊரில் வேலை. மனைவி காலமான பிறகு இவருக்கு மனிதர் என்று இருப்பது அவள்தான். சாயங்காலம் போன் செய்வாள். கையில் கரண்டி இருப்பதால் இவர் ஸ்பீக்கரில் போடுவார். ஆகவே எனக்கும் கேட்கும்.

"சாப்ட்டியாப்பா?"

"ஓ, வயிறு முட்ட. ரொட்டி, வறுத்த கோழி, கடைசில ஒரு ஆப்பிள்."

"ஆப்பிள நல்லா கழுவினியா?"

"கழுவாமயா?"

பின்னால் கிண்ணத்தில் பொடி கலக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சிகிச்சை முடிந்ததோடு எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் அவளிடம் சொல்லிவைத்திருந்தார். இத்தனை நாள் எப்படியோ மதியச் சாப்பாடு முடிந்து வந்து இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் போகிற மாதிரியே அவளை வரவைத்துச் சமாளித்திருந்தார்.

"ஏன் மறைக்கிறீங்க? பெத்த பொண்ணுதானே?" என்று ஒருநாள் பிடித்துக்கொண்டேன்.

"சொன்னா எதிர்ல உக்காந்து என் வாயையே பாப்பா. அவ தட்டுல இருக்கறது ஆறிப்போகும். அவங்கம்மா கடைசி காலத்துல நான் அப்படித்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அதுக்குப் பேரு சாப்பாடு இல்லம்மா, காவல்." சட்டைப்பையிலிருந்த வாஷரை எடுத்து விரலில் உருட்டியபடி சொன்னார்: "ஒரே ஒரு வேளை போதும். ஒரே மேஜை. அவ பேசணும், நான் கேக்கணும், சாப்பாடு அது பாட்டுக்கு உள்ள போகணும். அவ்வளவுதான் வேணும்."

அந்த ஒரு வேளை வந்தது. மகள் லீவு போட்டு, ராத்தங்கிப் போக வருவதாகச் சொல்லிவிட்டாள். இவர் என்னிடம் யோசனை கேட்டார். நான்தான் உருளைக்கிழங்கு மசியல் பாக்கெட்டைக் காட்டினேன். சூப்பைப் பெரிய கிண்ணத்தில் ஊற்றினால் சந்தேகம் வராது என்றேன். "தட்டுல வச்சா பெரியவங்க சாப்பாடு மாதிரி தெரியுமா?" என்று அவர் கேட்ட குரல் இன்னும் எனக்குக் காதில் இருக்கிறது. எல்லாவற்றையும் வாங்கிவைத்துவிடலாம் என்று அவர் பையை எடுத்த காலை நேரத்தில், மதியம் வர வேண்டிய மகள் வாசலில் வந்து நின்றாள். "கடைக்கா? நானும் வரேம்பா."

அன்று நான் எதேச்சையாகக் கடைக்குப் போனேன் என்று எழுதினால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்? பின்னாலேயே போனேன்.

அன்று அவர் ஒரு கப்பைக்கூடக் கவிழ்க்கவில்லை. தாண்டிப் போகிற வரிசைகளுக்குள் எல்லாம் நுழைந்தார். மொறுமொறுப்பான ரொட்டி எடுத்தார், பிஸ்கட் எடுத்தார், வறுத்த கடலை எடுத்தார், ஆப்பிள்களை அழுத்திப் பார்த்து எடுத்தார். தன்னால் தொட முடியாத எல்லாவற்றையும் வண்டியில் நிரப்பிக்கொண்டு போனார். மகள் பார்க்காத நேரத்தில் ரொட்டிக்கு அடியில் ஒரு சூப் டின் மட்டும் போயிற்று. கூழ் பாட்டில்கள் இருக்கும் இடத்தில் அவர் கால் ஒரு கணம் நின்றது. பிறகு நடந்தார்.

பில் போடும் இடத்தில் அதே பெண்.

"என்ன சார், இன்னிக்கு பேரனுக்கு ஒண்ணும் காணோம்?" என்றவள், பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துபோனாள். "நீங்கதான் அம்மாவா? பையனுக்குப் பல்லு முளைச்சிருச்சா? உங்கப்பா மாதிரி ஒரு தாத்தா கிடைக்க குடுத்து வச்சிருக்கணும். தயிரக்கூட கவுத்துக் கவுத்துப் பாத்துத்தான் எடுப்பாரு. குழந்தைக்குப் புரை ஏறிடக்கூடாதாம்."

குழாய்க்காரர் பில் மேஜையில் சாமான்களை நகர்த்தும் பெல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். மகள் அவரைப் பார்த்தாள். காலருக்குள் தனியாக நின்ற கழுத்தைப் பார்த்தாள். ஆப்பிள்களைப் பார்த்தாள். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

"இன்னும் முளைக்கல" என்றாள் மகள். "கொஞ்சம் லேட்டாகும் போலிருக்கு. நான் ஊர்ல இல்லாததால எனக்கு ஒண்ணும் தெரியல. வழக்கமா அவனுக்கு என்னென்ன வாங்குவாரு?"

"ஆப்பிள் கூழ், பேரிக்காய் கூழ். கேரட் மட்டும் பிடிக்காதாம்."

மகள் ஆப்பிள்களையும் கடலையையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது இரண்டு கைகளிலும் அணைத்தபடி கூழ் பாட்டில்கள். பெல்ட்டின் மேல் ஒவ்வொன்றாக வைத்தாள். கேரட் இல்லை.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எச்சிலை விழுங்கியிருக்க வேண்டும். அதுவும் தண்ணீர்தானே. புரை ஏறிவிட்டது. குனிந்து இருமினார். இருமிக்கொண்டே, பழகிப்போன வலது கை உச்சந்தலையை நோக்கி உயர்ந்தது.

அதற்குள் அங்கே இன்னொரு கை இருந்தது. மகள் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தாள். அவருடைய கைக்குப் போக இடமில்லை. கொஞ்சம் அந்தரத்தில் நின்றது. பிறகு கீழே இறங்கி, ஒரு பாட்டிலை எடுத்து, மகளின் கண்ணுக்கு நேரே மெதுவாகக் கவிழ்த்துக் காட்டியது.