மரப்பிடிக்கு மயில்நீல பெயிண்ட்

அமிர்தத்தைப் பற்றி யார் எழுதினாலும் நடுவில் என்னைத் திட்டித்தான் எழுத வேண்டியிருக்கும். அந்தப் புண்ணியத்தை அடுத்தவனுக்குக் கொடுப்பானேன், நானே எழுதிவிடுகிறேன்.

நான் சுப்பிரமணியன். நெய்வேலிச் சுரங்கத்தில் ஜியாலஜி செக்‌ஷனுக்கு ஜீப் ஓட்டினேன். பர்மனென்ட் டிரைவர். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், வாசலில் இரண்டு கொய்யா மரம், வாயில் எந்நேரமும் ஒரு முணுமுணுப்பு. அமிர்தம் அதே செக்‌ஷனில் கான்ட்ராக்ட் ஹெல்பர். திருவதிகையிலிருந்து பண்ருட்டி வந்து, அங்கே பஸ் மாறி, காலை ஷிப்ட்டுக்கு எனக்கு முன்னால் வந்து நிற்பாள். நான் ஐந்து நிமிஷத் தூரத்தில் இருந்துகொண்டு லேட்டாக வருவேன். இதிலேயே எனக்கு அவள் மேல் ஒரு கடுப்பு.

எங்கள் வேலை இதுதான். நிலக்கரிக்கு மேலே மண்ணும் மணற்பாறையும் களிமண்ணுமாக மலைபோல் கிடக்கும். அதைப் பக்கெட் வீல் என்கிற பெரிய மெஷின் சுரண்டித் தள்ளும். நடுவே இரும்பாக இறுகிய பாறைப் பட்டை ஏதாவது வந்துவிட்டால் மெஷினுக்குப் பல் போய்விடும். அதனால் எங்கள் ஆபீசர் அலெக்சாண்டர் சார் முன்கூட்டியே சுரங்கத்துக்குள் இறங்கி, சுத்தியால் தட்டிப் பார்த்து, கல் உடைத்து, பையில் போட்டு நம்பர் எழுதுவார். பை தூக்க ஒரு ஆள் வேண்டும். அமிர்தத்தைச் சேர்த்தது அதற்குத்தான்.

சுத்தி அவள் கைக்குப் போனது சேர்ந்த இரண்டாம் மாசம். அன்றைக்கு அலெக்சாண்டர் சார் ஒரு கல்லின் நடு மண்டையில் பத்து அடி அடித்து, சட்டை நனைந்து, மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். கல் அப்படியே இருந்தது. அமிர்தம் பையைக் கீழே வைத்துவிட்டு, நான் ஒரு தபா பாக்கட்டுமா சார் என்று கேட்டாள். கல்லை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். மூலையாகத் துருத்திக்கொண்டிருந்த இடத்தில் சதுர முகத்தால் மூன்று அடி. கையை ஓங்கக்கூட இல்லை, சுத்தியின் எடையை இறக்கிவிட்டாள், அவ்வளவுதான். உள்ளங்கை அளவுக்குச் சுத்தமாக ஒரு சில்லு பெயர்ந்து, உள்ளே வெயில் படாத பாறை பளிச்சென்று தெரிந்தது. எங்கே கற்றுக்கொண்டாய் என்று சார் கேட்டார்.

"பண்ருட்டியில பதினஞ்சு வருஷமா முந்திரிக்கொட்ட ஒடச்சேன் சார். ஓடு ஒடையணும், பருப்பு ஒடையக் கூடாது. எங்க அடிச்சா தொறக்கும்னு கையே பாத்துக்கும்."

அதிலிருந்து சுத்தி இரண்டும் அவள் பொறுப்பு. ஒன்று முழுக்க இரும்பு, பிடிக்கு ரப்பர் உறை போட்டது. இன்னொன்று பழசு, மரப்பிடி. ஒரு முகம் சதுரம், ஒரு முகம் உளி மாதிரி. சதுரத்தால் அடிக்கலாம், உளிப் பக்கம் களிமண் சுரண்டவும், பிளந்ததை நெம்பவும் மட்டும். ஒருநாள் ஆனந்த்ராஜ் என்கிற இன்னொரு ஹெல்பர், ஒரு சுத்தியின் உளி முகத்தைப் பாறை இடுக்கில் வைத்து, அதன் தலையில் இன்னொரு சுத்தியால் போடப் போனான். அமிர்தம் பாய்ந்து பிடுங்கிவிட்டாள். இரும்பும் இரும்பும் மோதினால் சில்லு பறக்கும், அது கண்ணைத் தேடித்தான் வரும் என்று அவனை அரை மணி நேரம் காய்ச்சி எடுத்தாள்.

அவள் போடும் சட்டம் கொஞ்சநஞ்சமல்ல. புடவை மேல் முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி. மண் சுவர் செங்குத்தாக நிற்கிற இடத்துக்கு அடியில் போய்த் தட்டக் கூடாது. காலையில் வந்ததும் சுத்தியை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பிடியில் கீறல் பார்ப்பாள், தலையை ஆட்டிப் பார்ப்பாள். இதில் ஏதாவது சரியில்லை என்றால் சிவப்புத் துணி கட்டி ஆணியில் மாட்டுவாள். துணி கட்டினதை யாரும் தொடக் கூடாது. அடிப்பதற்கு முன் "கண்ணு!" என்று ஒரு குரல் கொடுப்பாள். எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கேன்டீனில் அப்பளம் நொறுக்கும்போதுகூட எவனாவது "கண்ணு!" என்று கத்துவான். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

எனக்கும் அவளுக்கும் தீராத தகராறு ஒன்று உண்டு. அடிக்கிறவருக்கு முன்னாலும் ஆள் நிற்கக் கூடாது, பின்னாலும் நிற்கக் கூடாது என்பாள். நானோ வண்டியைப் பக்கத்திலேயே போட்டுவிட்டு ஸ்டீயரிங்கில் தலை சாய்த்து ஒரு தூக்கம் போடுகிற ஆள். அவள் வந்து ஜன்னலில் தட்டுவாள். வண்டியைத் தள்ளி நிறுத்துங்க, இல்லாவிட்டால் இறங்கி ஓரமாக வாங்க. இரண்டில் ஒன்று செய்கிறவரை சுத்தியைத் தூக்க மாட்டாள். அலெக்சாண்டர் சாரும் அவள் பக்கம். எரிச்சலில் ஏதேதோ சொல்லியிருக்கிறேன், அதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

2014 ஆயுத பூஜை வந்தது. அமிர்தம் தன் அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து என்று முதல் நாளே லீவில் போய்விட்டாள். பூஜை என்றால் எனக்குக் கை சும்மா இருக்காது. ஜீப்பைக் குளிப்பாட்டி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டாகிவிட்டது. அப்புறம் செக்‌ஷன் சாமான்களைச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினோம். மரப்பிடிச் சுத்தி மட்டும் ஆணியில் அழுக்குப் பிடித்துத் தொங்கியது. அதில் ஒரு சிவப்புத் துணி.

அமிர்தம் சொன்ன சட்டம் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் சொன்னதில் பாதி என் காதில் ஏறினதே இல்லை. துணியை அவிழ்த்து அதாலேயே ஜீப் டேஷ்போர்டைத் துடைத்தேன். பிடியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தலைக்குக் கீழே நூல் மாதிரி ஒரு கோடு தெரிந்தது. குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த மயில்நீல எனாமலை இரண்டு கோட்டிங் கொடுத்தேன். கோடு போன இடம் தெரியவில்லை. கையில் ஒட்டின பெயிண்டை அதே சிவப்புத் துணியில் துடைத்து, அதை ஜீப் சீட்டுக்கு அடியில் செருகினேன். சந்தனம் குங்குமம் வைத்ததும் சுத்தி கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிட்டது. எல்லோரும் என் கைவேலையைப் புகழ்ந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பூஜை விடுமுறை முடிந்து வேலை தொடங்கிய அன்றைக்கே வெளியூர் ஆபீசிலிருந்து துரைராஜ் சார் பார்வையிட வந்தார். சாமான்களை வண்டியில் ஏற்றியது நான். இரண்டு சுத்தியையும் ஏற்றினேன். அமிர்தம் பஸ் லேட்டாகி, நேராகக் கேட்டில் வந்து ஏறிக்கொண்டாள். முதல் நாள் பெய்த மழையில் சுரங்கத்துக்குள் சொதசொதவென்று சேறு. வண்டியைப் பாறைக்குப் பத்தடி தள்ளிப் போட்டுவிட்டு, இதற்கு மேல் நகர்த்த மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்படியென்றால் இறங்கிப் பக்கவாட்டில் வாங்க என்றாள். வாயில் வந்ததைச் சொல்லிக்கொண்டே இறங்கினேன்.

அவள் இரும்புச் சுத்தியோடு ஒரு பக்கம் தட்டிக்கொண்டிருந்தாள். துரைராஜ் சாருக்கு நாமும் ஒன்று உடைத்துப் பார்க்கலாம் என்று ஆசை வந்தது. வண்டியில் எட்டிப் பார்த்தார். மயில்நீலம் கண்ணைப் பறித்திருக்கும். எடுத்துக்கொண்டு போய்ப் பாறை முன்னால் நின்று, கட்டை பிளக்கிற மாதிரி தலைக்கு மேல் ஓங்கினார்.

"சார், அத்த கீழ வையிங்க!" என்று அமிர்தம் கத்தியது கேட்டது.

அடி பாறையில் விழவே இல்லை. ஓங்கின வேகத்திலேயே பிடி முறிந்தது. பிடி சார் கையில் இருந்தது. தலை பின்பக்கமாகப் பறந்து என் ஜீப்பின் முன் கண்ணாடியைப் பொத்துக்கொண்டு உள்ளே போனது. போய்ப் பார்த்தேன். டிரைவர் சீட்டில், நான் தலை சாய்க்கிற இடத்துக்கு நேராக, ரெக்சின் கிழிந்து பஞ்சு வெளியே தொங்கியது. சுத்தித் தலை சீட்டில் உட்கார்ந்திருந்தது. சந்தனம்கூட அழியவில்லை. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. சீட்டிலும் கீழேயும் கிடந்த கண்ணாடித் தூளையெல்லாம் அமிர்தம்தான் கையுறை போட்டுக்கொண்டு குனிந்து பொறுக்கினாள்.

மறுநாள் விசாரணை. பெயிண்ட் அடித்தது நான் என்று எல்லோருக்கும் தெரியும். பூஜைக்குப் பெயிண்ட் அடிப்பதில் என்ன தப்பு என்று விட்டுவிட்டார்கள். கெட்டுப்போன சுத்தி எப்படி வெளியே வந்தது, அதுதான் கேள்வி. சுத்திக்குப் பொறுப்பு அமிர்தம். கீறல் பார்த்து, சிவப்புத் துணி கட்டி மாட்டிவிட்டுத்தான் லீவுக்குப் போனேன் என்றாள். துணி இருந்ததை யாராவது பார்த்தீர்களா என்று அலெக்சாண்டர் சார் எங்களை ஒவ்வொருவராகக் கேட்டார். ஆனந்த்ராஜ் பார்க்கவில்லை என்றான். அவன் நிஜமாகவே பார்க்கவில்லை.

என் முறை வந்தது. ஏற்கெனவே என் பேரில் ஒரு மெமோ இருந்தது. இன்னொன்று வந்தால் டிரைவர் சீட்டே போய்விடுமோ என்று பயம்.

"கவனிக்கல சார்," என்றேன்.

தப்பு அமிர்தத்தின் பேரில் முடிந்து, வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவள் ஒருதரம் என்னைப் பார்த்தாள். அப்புறம் கழுத்தில் தொங்கின கேட் பாஸைக் கழற்றி கான்ட்ராக்ட் சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். கான்ட்ராக்ட் ஆளுக்கு அந்தப் பாஸ்தான் வேலை. அது இல்லையென்றால் திரும்ப முந்திரிக்கொட்டைதான், ஓட்டிலிருந்து கசிகிற பால் பட்டு விரல் வெந்துபோகிற வேலை.

அவள் போன பிறகு சுத்தியை ஆனந்த்ராஜ் எடுத்தான். அவன் அடித்தால் ஒன்று கல் தூளாகும், இல்லாவிட்டால் அசையாது. சார் பையில் மாவைத்தான் அள்ளிக்கொண்டு வந்தார். யாரும் "கண்ணு!" சொல்லவில்லை. என்னை வந்து எழுப்ப யாரும் இல்லை, ராஜா மாதிரி தூங்கியிருக்கலாம். ஆனால் சுத்தி கல்லில் படுகிற சத்தம் கேட்டால் போதும், நானே கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிடுவேன். தைத்த சீட்டில் முதுகு படும்போதெல்லாம் அந்தத் தையல் உறுத்தியது. வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். என்ன வந்தது இந்த மனுஷனுக்கு என்று கேட்டாள் பெண்டாட்டி. சொல்ல வெட்கமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் மழை. புதுக் கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்தது. துடைக்கச் சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினேன். சிவப்புத் துணி கையோடு வந்தது. ஓரத்தில் மயில்நீலம் ஒட்டிக் காய்ந்திருந்தது. அதை வெளியே எறிந்துவிட ஒரு நொடி போதும். எறியலாம் என்று நினைத்தேன், பொய் சொல்லவில்லை. அப்புறம் வண்டியைத் திருப்பி நேராக ஆபீசுக்கு ஓட்டினேன்.

அலெக்சாண்டர் சார் துணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். எழுதிக் கொடுங்க என்று மட்டும் சொன்னார். என் கோழிக்கிறுக்கலில் ஒரு பக்கம் எழுதினேன். மெமோ அன்றைக்கே தயாராகிவிட்டது. சாயங்காலத்துக்குள் சார் சூப்பர்வைசரிடம் பேசி கேட் பாஸை வாங்கி என் கையில் வைத்து, நீங்களே போய்க் கொடுத்துவிட்டு வாங்க என்றார்.

பண்ருட்டியில் அந்த முந்திரிக் கொட்டகையைத் தேடிக் கண்டுபிடித்தேன். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து கட்டையால் தட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அமிர்தம். விரல் பத்தும் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். பாஸை நீட்டினேன். துணியை அவிழ்த்தது நான்தான், விசாரணையில் மறைத்ததும் நான்தான், இப்போது எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டே ஒப்பித்தேன்.

"தெரியும்ணே," என்றாள். "கண்ணாடி பொறுக்கறப்பவே சீட்டுக்கு அடியில பாத்தேன்."

அன்றைக்கே சொல்லியிருக்கலாமே அம்மா என்று கேட்டேன்.

"கான்ட்ராக்ட் ஆளு பர்மனென்ட் ஆளு மேல சொன்னா எடுபடுமாண்ணே? நீங்களே சொல்லிடுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். ஒம்போது நாளு ஆயிடுச்சி."

அவள் பாஸை முந்தானையில் துடைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். போகலாம் என்று நான் திரும்பினபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"நாளைக்கு மொத பஸ்ல வந்துடறேன். வண்டிய தள்ளி நிறுத்துங்க."

மறுநாளும் மழை, முட்டியளவு சேறு. வண்டியை நாற்பது அடி தள்ளிப் போட்டேன். யாரும் சொல்லாமலே இறங்கி, ஷூ புதையப் புதைய நடந்து வந்து பக்கவாட்டில் நின்றேன். அமிர்தம் அந்தக் கறுத்த விரல்களால் சுத்தியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், தலையை ஆட்டிப் பார்த்தாள், எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"கண்ணு!" என்றாள்.

எல்லோரும் முகத்தைத் திருப்பினார்கள். நான் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டேன்.