சூட்டுப்பால் கோனார்

“கைய வச்சுப் பாருங்கம்மா” என்று சொல்லிவிட்டு ஆவுடையப்பக் கோனார் காத்திருப்பார். வீட்டுக்காரி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, பால் கேனின் வயிற்றில் உள்ளங்கையைப் பதித்துத் தலையை ஆட்டும் வரையில் மூடியைத் திறக்கமாட்டார். பன்னிரண்டு வருஷமாகப் பால் வாங்குகிற வீடாக இருந்தாலும் கை வைத்தாக வேண்டும். கேனைச் சுற்றிக் கட்டிய சாக்கில் உள்ளங்கை அளவுக்கு ஓர் ஓட்டை வெட்டி, ஓரம் பிரியாமல் நூலால் தைத்திருக்கிறார். கை வைப்பதற்கென்றே வைத்த ஓட்டை அது.

அவருடைய வாதம் எளியது. மடியிலிருந்து வந்த பாலில் பசுவின் சூடு இருக்கும். தண்ணீர் குளிர்ச்சி. தண்ணீர் சேர்த்தால் சூடு இறங்கிவிடும். ஆகவே சூடாக இருக்கிற பால் சுத்தமான பால். “நாக்கு ஏமாறும், கை ஏமாறாது” என்பார். பினாங்கில் தத்தோ கிராமட் சாலை மூலையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் காஜா மொய்தீன் ஒரு நாள் இதை மடக்கப் பார்த்தார்.

“வெந்நிய ஊத்திக் கொண்டாந்தா கைக்கு எப்படித் தெரியும் கோனாரே?”

“வெந்நி வைக்க வெறகு வாங்குற காசுக்குப் பாலையே ஊத்திரலாம் ராவுத்தரே.”

சூட்டுப்பால் கோனார் என்ற பெயர் இப்படி வந்ததுதான். அவருக்கு அதில் வருத்தமில்லை.

வயது ஐம்பதுக்குள். உயரம் குறைவு, கால் நீளம். காதில் ஒற்றைக் கடுக்கன். மற்றது எங்கே என்று கேட்டால் “மாடு தின்னுருச்சு” என்பார். அது தீவனத்துக்காக விற்ற கடுக்கன். தின்றது மாடு என்பதும் உண்மைதான். சாலையிலிருந்து உள்ளே போகிற சந்தின் கடைசியில், தகரக் கூரை போட்ட கொட்டகையில் ஆறு மாடுகள். நாலு கறவை, இரண்டு பால் நின்ற வற்றல். கறப்பது அவர் மனைவி வள்ளியம்மா. கோனார் கை பட்டால் மாடுகள் காலைத் தூக்கும். “எனக்கு வேகம் கால்ல. அவளுக்குக் கையில” என்று அதைப் பெருமையாகவே சொல்லுவார்.

சைக்கிள் ஒன்று வைத்திருக்கிறார். ஏறியதில்லை. கேனைப் பின்னால் கட்டித் தள்ளிக்கொண்டே போவார். மிதித்துப் போனால் குலுங்கும், குலுங்கினால் வெண்ணெய் திரளும் என்பது அவர் சொல்லுகிற காரணம். கேன் காலியாகித் திரும்பும்போதும் தள்ளிக்கொண்டுதான் வருகிறார். அதற்குக் காரணம் யாரும் கேட்பதில்லை.

ரப்பர் விலை விழுவதற்கு முன்னால் அவருக்குப் பதினேழு வீடுகளும் காஜா மொய்தீன் கடையும் இருந்தன. கடைக்கு மட்டும் தினம் எட்டுப் போத்தல். முதலில் நின்றது கடைதான்.

“டின் பால் புளிக்காது கோனாரே. சர்க்கரையும் உள்ளேயே இருக்கு. ஒங்க மாடு சர்க்கரை போட்டுக் குடுக்குமா?”

“எங்க மாட்டுக்குத் தகரம் போட்டு அடைக்கத் தெரியாதுலா.”

அதன் பிறகு வீடுகள். கிராணி என்கிற கணக்கெழுத்து வேலை போனவர்கள் போத்தலைப் பாதியாக்கினார்கள், பிறகு பாதியையும் நிறுத்தினார்கள். சிலர் கப்பலேறி ஊருக்கே போய்விட்டார்கள். ஐந்து வீடுகள் மிஞ்சின. மாட்டுக்கு இந்தச் சேதி தெரியாது. அது முன்போலவே கறந்தது. அந்தச் சமயத்தில்தான் பினாங்கு ஆற்றுப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனி பால் டிப்போ திறந்தது. எவ்வளவு பால் வந்தாலும் வாங்கி, காய்ச்சி, குளிரவைத்து, போத்தலில் அடைத்துக் கப்பல்களுக்கும் ஓட்டல்களுக்கும் அனுப்பினார்கள். போத்தலுக்குப் பன்னிரண்டு காசு. நகரத்துக் கொட்டகைக்காரர்கள் எல்லோரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். வேறு வாங்குகிறவன் இல்லை என்று தெரிந்ததும் பன்னிரண்டு பத்தாயிற்று, பத்து எட்டாயிற்று.

அப்புறம் ஒரு நாள் டிப்போக் கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள். இனி ஒவ்வொரு கேனிலும் கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். இருபத்தேழு டிகிரிக்கு மேலே நின்றால் எட்டுக் காசு. கீழே இறங்கினால் தண்ணீர்ப் பால், ஐந்து காசு. ஒரு மாதத்தில் பன்னிரண்டு நாள் கீழே போகிறவன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

டிப்போவில் இதை வரவேற்ற ஒரே ஆள் கோனார்தான். “இனிமே தண்ணிக்காரன் தலை தப்பாது” என்று வரிசையில் நின்ற எல்லோரிடமும் சொன்னார். முதல் நாள் தம் கேனைத் தாமே முன்னால் இழுத்து வைத்தார். எப்போதும் முதல் கேன் அவருடையதுதான். ஆறு மணிக்குக் கதவு திறக்கும்போது, நுரை அடங்காத பாலோடு நிற்பார்.

குழல் இருபத்தைந்தில் நின்றது.

கிராணி முனுசாமி குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். “இருபத்தஞ்சு” என்றார். கோனார் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள், அது வேறு சிரிப்பு. மறுநாளும் இருபத்தைந்து. அதற்கு மறுநாள் இருபத்தைந்தரை. தூரத்து ஆயர் ஈத்தாமிலிருந்து எட்டு மணிக்கு மேல் ஆடி அசைந்து வருகிறவர்களுக்கு இருபத்தெட்டு. “கோனாரு வீட்டு மாடு மழையில நனைஞ்சிருக்கும் போல” என்றான் ஒருவன்.

ஐந்து காசில் நாலு காசு புண்ணாக்குக்கே போய்விடும். பக்கத்துக் கொட்டகைக்காரர் போன மாதமே கறவையோடு சேர்த்து எல்லா மாட்டையும் கசாப்புத் தரகரிடம் கொடுத்துவிட்டார். டிப்போவும் கைவிட்டால் அந்தத் தரகர் இந்தச் சந்துக்குள்ளும் வருவார். வள்ளியம்மா அதற்குத் தயாராகத் தொடங்கியிருந்தாள்.

“வத்தல் ரெண்டையும் இனிமே பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க.”

“ஏன்?”

“பேரோட விக்கிறது கஷ்டம்.”

ஒன்பது நாள் கீழே போயிற்று. பத்தாவது நாள் விடியற்காலையில் கொடிமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்து மழை கொட்டியது. ஐந்து வீட்டுக்கும் ஊற்றிவிட்டு, சாலையில் முழங்கால் தண்ணீர் வடிகிற வரையில் கடைகளின் முன் நடையில் சைக்கிளோடு ஒதுங்கி நின்றார். டிப்போவுக்குப் போய்ச் சேரும்போது எட்டேகால். வரிசையில் கடைசி. சாக்கு நனைந்து, கேன் தவளை மாதிரி சில்லிட்டிருந்தது.

“பால் ஆறிப்போச்சு கிராணியாரே. மன்னிச்சுக்கிடுங்க” என்றார்.

முனுசாமி குழலை விட்டார். இருபத்தெட்டு.

வேறு யாராக இருந்தாலும் எட்டுக் காசை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். கோனாருக்குக் கோபம் வந்தது. “அந்தக் குச்சியத் தொடச்சிட்டு மறுபடி விடுங்க” என்றார். துடைத்து விட்டார்கள். மறுபடியும் இருபத்தெட்டு. “ஆறுன பாலுக்கு அதிக டிகிரியா?” என்று கேட்டுக்கொண்டே வெளியே போனார்.

மறுநாள் பழையபடி முதலில் வந்து நின்றார். இருபத்தைந்து. அந்தக் கேனிலிருந்தே ஒரு போத்தல் பாலை ஊற்றி, தக்கை போட்டு, முனுசாமியின் மேஜைமேல் வைத்தார். “இது ஒங்க கண்ணு முன்னாலயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் குந்தினார். புகையிலைகூடப் போடவில்லை. இரண்டரை மணி நேரம் அந்தப் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் குறைந்ததும் எழுந்து வந்து, “இப்ப விடுங்க” என்றார்.

இருபத்தேழரை.

முனுசாமி போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “அதே பாலுதான்” என்றார்.

“அதே பாலுதான். காவலுக்கு இருந்தது நீங்க.”

“அப்ப இந்தக் குச்சிக்குச் சூடு ஆகாது போல இருக்கு.”

“கம்பெனித் தொரைகிட்டச் சொல்லுங்களேன்.”

“சொல்லலாம். குச்சி லண்டன்லேருந்து வந்துச்சு, கோனாரு எங்கேருந்து வந்தாருன்னு கேப்பாரு. ஒங்களுக்கு எதுக்கு வம்பு? ஆறவச்சுக் கொண்டாங்க. எட்டரை வரைக்கும் கதவு தெறந்திருக்கு.”

நல்ல யோசனைதான். ஆனால் மழை தினமும் வந்து உதவாது. அடுத்த நாள் கோனார் சாக்கை அவிழ்த்துவிட்டுக் கொட்டகையின் நிழலில் கேனை வைத்தார். பினாங்கு நிழலில் கேன் நிறைந்த பால் எவ்வளவு ஆறுமோ அவ்வளவுதான் ஆறியது. டிப்போவில் ஒரு கரண்டிப் பாலைக் காய்ச்சிப் பார்த்தபோது அது கரண்டியிலேயே திரிந்தது. கேன் முழுவதும் திரும்பி வந்தது. அந்த நாளையும் தண்ணீர்ப் பால் கணக்கில்தான் சேர்த்தார்கள். பதினொன்று. இன்னும் ஒரு நாள் பாக்கி.

பாலைச் சீக்கிரம் குளிரவைக்க வேண்டுமானால் தண்ணீரில்தான் வைக்க வேண்டும். கொட்டகையில் ஒரு கிணறு. ஆறு மாட்டையும் கழுவி முடித்தால் வாளியில் சேறு வரும். கோயில்மலைப் பக்கத்து அருவியிலிருந்து வருகிற தண்ணீர் சாலை மூலைக் குழாயில், காஜா மொய்தீன் கடைக்கு நேர் எதிரே, கை விறைக்கிற மாதிரி கொட்டுகிறது. வள்ளியம்மா அதைச் சொன்னாள். கோனார் எழுந்து போய் மாட்டுக்குத் தவிடு வைத்தார்.

காரணம் இருக்கிறது. பாலோடு வருகிற கோனார் எந்தக் குழாயடிப் பக்கமும் நடந்து இந்த ஊர் பார்த்ததில்லை. தூரத்தில் குழாய் தெரிந்தால் சைக்கிளைச் சாலைக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடுவார். தாண்டிய பிறகுதான் இந்தப் பக்கம் வருவார். தாகம் எடுத்தாலும் கேன் காலியாகிற வரையில் தெருக்குழாயில் வாய் வைப்பதில்லை. குழாயடியில் நிற்கிற பால்காரனுக்கு ஊரில் ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. அதற்குச் சாட்சி வேண்டியதில்லை, விசாரணையும் இல்லை.

“ஊர் என்ன சொல்லும் பிள்ளே?” என்றார் சாயங்காலம்.

“ஊரு பால் வாங்குதா?” என்றாள் வள்ளியம்மா.

“அஞ்சு வீடு வாங்குதே.”

“அஞ்சு வீட்டுக்கு ஒரு மாடு போதும். மத்த மூணையும் எந்தத் தரகருக்குக் குடுக்கிறதுன்னு சொல்லுங்க.”

“இருட்டோட போய் வச்சு எடுத்துட்டா?” என்று கேட்டார்.

“இருட்டுல பாத்தா சொல்லவே வேண்டாம்.”

அது சரி என்று அவருக்கும் பட்டது.

மறுநாள் வீடுகளுக்குச் சூடாகவே ஊற்றினார். எல்லோரும் கை வைத்துப் பார்த்தார்கள். மிச்சப் பாலோடு கொட்டகைக்குத் திரும்பியதும் வள்ளியம்மா கேனின் மூடிக்கு மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தி, கழுத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, நாலு முடிச்சுப் போட்டாள். அவிழ்க்க நினைத்தாலும் கால் மணி நேரம் ஆகிற முடிச்சு. சாக்கை எடுத்து மூலையில் போட்டாள்.

வெயில் நன்றாக ஏறியிருந்தது. குழாயடியில் பெண்கள் நாலைந்து பேர் குடங்களோடு நின்றார்கள். ஒரு ரிக்‌ஷாக்காரன் கால் கழுவிக்கொண்டிருந்தான். கோனார் சாலைக்கு அந்தப் பக்கம் போகவில்லை. நேராக வந்து சைக்கிளைச் சாய்த்து, கேனை இறக்கிக் குழாய்க்கு அடியில் வைத்து, திருகைத் திறந்தார். தண்ணீர் துணியின்மேல் விழுந்து நாலு பக்கமும் வழிந்தது.

எதிர்க் கடையில் காஜா மொய்தீன் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. “என்ன கோனாரே” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார், “கடைசியில நீங்களுமா?”

கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். கோனார் திரும்பவில்லை. கேனிலிருந்து ஓரடி, ஈரடி, மூன்றடி பின்னால் நகர்ந்து, வெயிலில், சாலையின் இரு பக்கத்திலிருந்தும் எல்லோருக்கும் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றார்.

வரிசையில் முன்னால் இருந்த பெண் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, “ஒரு கொடம் பிடிச்சுக்கிறேன், கேனக் கொஞ்சம் நகத்துங்க கோனாரே” என்றாள்.

“நீங்களே நகத்துங்கம்மா. திருப்பி வச்சிருங்க” என்றார் கோனார். அவருடைய இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. வலது கை இடது மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது.