நுரையீரல் இல்லாத பிராணி

ஐம்பதுகளின் கடைசியில், சிங்கப்பூரில் காசநோய் வார்டில் நான் படுத்திருந்தபோது, பக்கத்துக் கட்டில்காரர் கல்லூரி விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். ஒல்லியான ஆள். தினமும் காலையில் முகம் மழித்து, தலை வாரி, வேலைக்குப் புறப்படுகிறவர் போலக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார்.

எங்கள் இருவருக்குமே ஒரு பக்க நுரையீரலை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்குப் பயம். சம்மதத் தாளில் கையெழுத்துப் போடாமல் மூன்று நாள் அதைத் தலையணைக்கு அடியிலேயே வைத்திருந்தேன். அதைக் கவனித்துவிட்டு அவர்தான் பேச்செடுத்தார்.

"எங்க லேப்ல ஜாடிக்குள்ள ஒரு சாலமாண்டர் இருக்கு. பல்லி மாதிரி இருக்கும். அமெரிக்காவுல குகையிலயும் காட்டுலயும் வாழுற ஜாதி. அதுக்கு நுரையீரலே கிடையாது."

"அப்புறம் எப்படி மூச்சு விடும்?"

"தோலாலதான். தோல் ஈரமா இருந்தா போதும்."

"நான் என்ன பல்லியா?"

அவர் சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "அது ஒன்னுமே இல்லாம வாழுது லா. உங்களுக்கு இன்னொன்னு மிச்சம் இருக்கே. கையெழுத்துப் போடுங்க."

அன்று மாலையே போட்டேன்.

அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வாரம் கழித்து வார்டுக்குத் திரும்பினேன். அவர் கட்டிலில் ஒரு சீனர் படுத்திருந்தார். முன்பு அங்கே இருந்தவருக்கும் ஆப்பரேஷன் ஆகிவிட்டதா என்று தமிழ் நர்ஸிடம் கேட்டேன்.

"இல்லைங்க. பயமா இருக்கு, வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டாரு."

பிறகு அவரை நான் பார்க்கவில்லை. என்னிடம் பேசியபோது அவர் குரலில் பயம் துளியும் இருக்கவில்லை. என்னைவிட அவர்தான் அதிகம் பயந்திருந்தார் என்பதை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை.