சத்தம் வராத இருமல்

பூனையால்தான் எங்கள் மகளுக்கு இளைப்பு வந்தது. வடக்கனந்தலில் எங்கள் வீட்டிலேயே பிறந்து வளர்ந்த பூனை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவள் மடியில்தான் கிடக்கும். மூக்கொழுகல், கண் அரிப்பு என்று தொடங்கி, நெஞ்சுக்குள் விசில் கேட்கிற அளவுக்குப் போனதும், கள்ளக்குறிச்சி டாக்டர் பூனையை வெளியே அனுப்பச் சொன்னார். வழி தெரிந்து திரும்பி வந்துவிடக் கூடாதென்று அதைச் சாக்கில் கட்டி, மணலூர்பேட்டைப் பக்கம் ஒரு தெரிந்தவர் களத்தில் விட்டுவிட்டு வந்தார் என் வீட்டுக்காரர். பிள்ளை சோறு தண்ணி இல்லாமல் அழுதாள். ஆனால் கொஞ்ச நாளில் மூச்சு சீரானது. விட்டது சனி என்று இருந்தேன்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவள் என் நாத்தனார். வெள்ளிமலையில் மளிகைக் கடை வைத்திருப்பவள், ஒரு கறுப்பு வெள்ளாட்டுக் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு மலையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"அண்ணி, ஆட்டு வாடை பட்டா இளைப்பு கிட்டயே வராது. பாப்பா பக்கத்துலயே கட்டி வையுங்க. பூன முடிதான் ஆவாது, இது இன்னா பூனையா?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. குட்டியை மகள் பாய்க்குப் பக்கத்திலேயே கட்டினோம். மருந்து என்று நினைத்துத்தான் கட்டினோம். ஒரு வாரம் போவதற்குள் பழைய விசில் திரும்பியது. இந்த முறை உதடும் நீலம் பாரித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்து மூச்சைத் திருப்பினார்கள்.

டாக்டர் என்னைத் திட்டித் தீர்த்தார். "முடி இல்லம்மா விஷயம். பிராணியோட எச்சில்ல, தோல்ல இருக்கிற புரதம். ஒண்ணு ஒத்துக்காத உடம்புக்கு, அதே சாயல்ல புரதம் இருக்கிற இன்னொண்ணும் ஒத்துக்காம போகலாம். வீட்ல மாடு இருக்கா?"

பசு இருந்தது. கன்றும் இருந்தது. எங்கள் அடுப்பு எரிவதே அந்தப் பாலில்தான்.

"ஆட்டுக்கும் மாட்டுக்கும் ரொம்ப நெருக்கம். இனிமே இருமல் வந்தா மாட்டையும் அனுப்பிடுங்க" என்றார். மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

ஆட்டுக்குட்டி மலைக்குத் திரும்பியது. இருமலும் அதோடு நின்றது. அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டேன். ஆனாலும் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. பிள்ளையின் பேச்சு குறைந்துவிட்டது. எதைக் கேட்டாலும் ஒற்றைச் சொல்லில் பதில். நாலு படி ஏறினால் தொண்டைக்குழி உள்வாங்கி உள்வாங்கி வந்தது. அடிக்கடி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிடுவாள். வாளி நிறைந்து வழிந்த பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒரு சாயங்காலம் கதவைத் தள்ளித் திறந்தேன். பாவாடையை வாய் நிறைய அடைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தாள். கண் பிதுங்கியிருந்தது. துணியைப் பிடுங்கினேன்.

"இனிமே இரும மாட்டேம்மா. நல்லாத்தான் கீறேன். கன்னுக்குட்டிய அனுப்பிடாதம்மா."

எட்டு வயது அவளுக்கு. எனக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை. அடிக்க ஓங்கிய கை அவளை அள்ளிக்கொண்டது. பசுவும் கன்றும் மறுநாளே மூங்கில்துறைப்பட்டில் என் அண்ணன் வீட்டுக்குப் போயின.

இப்போது வீட்டில் ஒரு பிராணியும் இல்லை. ஆனால் தெரு முழுக்க ஆடும் மாடும் நாயும்தான். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் யார் வீட்டுக் குட்டியைக் கட்டிப்பிடித்துவிட்டு வருகிறாளோ, அவள் சட்டையில் முடி ஒட்டியிருக்கிறது. கேட்டால் எதையும் தொடவில்லை என்கிறாள். மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டால், "நல்லா கீதும்மா" என்கிறாள். அவள் வாய் சொல்வதை நான் நம்புவதில்லை. உட்கார வைத்து, முதுகில் காதை வைத்துக் கேட்கிறேன். என் காது பட்டதுமே அவள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள்.